வடக்கே திரும்பும் கழுத்து

மிஸ்ரி கானுக்கு அந்த மழைக்காலத்தில்தான் திடீரென்று பக்தி முற்றியது. சூரியன் பாலைவன மணலுக்குள் இறங்குகிற நேரம் பார்த்து, பார்வைக் கோபுரத்தின் அடியில் ஜீப்பை நிறுத்துவான். பயணிகளை இறக்கிவிடுவான். தொழுகைத் துணிச் சுருளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "மக்ரிப் நேரமாச்சு, இதோ வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு எதிரே இருந்த மேட்டைச் சுற்றிக்கொண்டு போய் மறைந்துவிடுவான். பூனாவிலிருந்தும் கல்கத்தாவிலிருந்தும் வந்தவர்கள் அவன் முதுகை மரியாதையோடு பார்த்தார்கள். ஒரு அம்மாள் கை கூப்பக்கூடச் செய்தாள்.

அந்தத் துணிச் சுருளுக்குள் இருந்தது ஒரு மண்கலயம்.

மேட்டுக்குப் பின்னால் சேவண் புல் இடுப்பளவு வளர்ந்த பள்ளம் ஒன்று உண்டு. அதில் மண்டியிட்டு, கலயத்தின் குறுகிய வாய்க்கு மேலே உதட்டை வைத்து மெதுவாக ஊதுவான். ஹூம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு ஹூம். காதில் விழுவதைவிட நெஞ்சுக்கூட்டில் அதிகம் விழுகிற சத்தம் அது. அங்கே கோபுரத்தின் மேல் பூர் சிங் ஒரு விரலைத் தூக்குவார். கூடாரங்களுக்கும் ஜீப்புகளுக்கும் சொந்தக்காரர் அவர்தான். அவருடைய மீசையும் சேர்ந்து மேலே போகும்.

"கேட்டீங்களா? நகராதீங்க. எங்க ராவ்சா பேசறார்."

பயணிகள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். சிலருக்குக் கண் கலங்கிவிடும். பாவம், காதில் பூச் சுற்றுகிறார்கள் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ராவ்சா ஹோலிக்கு முன்பே செத்துப்போயிருந்தான்.

ராவ்சா மனுஷன் இல்லை. ஆண் கானமயில். அந்தப் பக்கத்து ஜனங்கள் கோடாவண் என்பார்கள். நின்றால் ஒரு ஆளின் இடுப்புக்கு மேல் வரும். தலையில் கருந்தொப்பி, கீழே வெள்ளைக் கழுத்து. மழைக்காலம் வந்தால் அதே மேட்டில் ஏறி நின்று, வாலை முதுகின் மேல் விசிறியாகத் தூக்கி, தொண்டைப் பையில் காற்றடைத்து முழங்கால் வரை தொங்கவிட்டுக்கொண்டு, பெண்ணைக் கூப்பிடுவான். நிலமெல்லாம் கைவிட்டுப் போன பிறகும் மீசை முறுக்கை விடாத பெரிய வீட்டுக்காரர் நடை. அதனால்தான் ஜீப் ஓட்டிகள் அவனுக்கு அந்தப் பட்டத்தைக் கட்டினார்கள். அந்த இனத்தில் மிஞ்சியிருப்பவை இப்போது கொஞ்சம்தான். வேலி போட்ட காப்பிடத்துக்கு வெளியே, பயணிகள் கண்ணில் படுகிற தூரத்தில் நின்றவன் இவன் ஒருவனே.

மேட்டுக்கு வடக்கே காற்றாலைகளுக்குப் போகிற மின்கம்பிகள் ஓடுகின்றன. கானமயிலுக்குக் கண் இருப்பது பக்கவாட்டில். கனத்த உடம்பு வேறு. எதிரே இருக்கும் கம்பி தெரியும்போது திரும்ப நேரம் இருக்காது. ஒரு விடியற்காலையில் கூடாரத்துக்குப் பால் வாங்கப் போன மிஸ்ரிதான் அவனைப் பார்த்தான். கம்பிக்கு நேர் கீழே, இறக்கையை விரித்தபடி, கழுத்து மட்டும் வேறு பக்கம் பார்த்துக் கிடந்தான். மிஸ்ரி பாலை மறந்தான். பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதான். அப்புறம் போய் பூர் சிங்கை எழுப்பினான்.

"வேற யாரு பார்த்தா?" என்றார் அவர்.

"யாரும் இல்ல ஹுகும். நான் மட்டும்தான்."

"அப்ப அவன் சாகல."

"கழுத்து தொங்குது ஹுகும். எறும்பு ஏறிடுச்சு."

"எனக்குக் கதை சொல்லாதடா. காட்டிலாகாவுக்குச் சொன்னா என்ன ஆகும்? விசாரணைம்பான். கோபுரத்த மூடும்பான். இந்தப் பக்கம் ஜீப்பே வரக் கூடாதும்பான். அப்புறம் நீ, நான், உன் பொண்டாட்டி எல்லாரும் அந்தக் காத்தாடி கீழ உக்காந்து பஜனை பண்ணலாம். மம்முட்டி எடு."

கம்பிக்குக் கீழேயே குழி தோண்டினார்கள். தோண்டியது மிஸ்ரி. பூர் சிங் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த அவசரத்தில் ஒரு கல் கூட வைக்கவில்லை. மண்ணைத் தள்ளி, ஜீப்பை மேலே ஏற்றி இறக்கி, தடம் தெரியாமல் முள்ளைப் போட்டு மூடினார்கள். ஃபாத்திஹா ஓத வேண்டுமா வேண்டாமா என்று மிஸ்ரிக்குத் தெரியவில்லை. பறவைக்கு எப்படி ஓதுவது? பாதி ஓதிவிட்டு நிறுத்தினான்.

மழை வந்ததும் ஆட்களும் வந்தார்கள். கோடாவண் ஆட்டத்தைப் பார்க்கத்தான் அந்த வெக்கையிலும் வருவார்கள். மேடு காலியாகக் கிடந்தது. போட்ட காசுக்கு வெறும் புல்லைப் பார்த்தவர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது பூர் சிங் கம்பு ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "ஏ மிஸ்ரி, நீ ஆடு மேய்க்கிற காலத்துல கலயத்துல ஊதி ராவ்சாவை ஏமாத்துவியே, இப்ப வருமா?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். மிஸ்ரியும் சிரித்துக்கொண்டுதான் "வரும்" என்றான். எல்லாம் அந்தச் சிரிப்பில் ஆரம்பித்தது.

ஹுர்மத்துக்கு இது தெரிய வந்தபோது அவள் சிரிக்கவில்லை. மிஸ்ரியின் மனைவி. கூடாரத்துச் சமையல் அவள் பொறுப்பு. தண்ணீர்க் கலயம் ஒன்று குறைகிறதே என்று தேடப்போய், தொழுகைத் துணிக்குள் இருந்து எடுத்தாள்.

"காசிமோட அப்பா, இது என்ன தொழுகை?"

அவன் சொன்னான். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"உங்க பெரியப்பா கதை மறந்துபோச்சா?"

மறக்கவில்லை. மிஸ்ரியின் குலத்து ஆட்கள் கல்யாண வீடுகளில் ஆடுவார்கள், பாடுவார்கள், ஊரில் உள்ள பெரிய மனுஷர்கள் எல்லாரையும் போல நடந்தும் பேசியும் காட்டுவார்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. உயிரோடு இருப்பவனைப் போலத்தான் பேசிக் காட்டலாம். செத்தவன் குரலில் பேசக் கூடாது. யாரோ தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று அவன் நினைத்துக்கொள்வான். மிஸ்ரியின் பெரியப்பா ஒரு கல்யாணத்தில் வாய் கொழுப்பில் செத்துப்போன ஊர்க் கணக்கர் பட்வாரியைப் போல இருமிக் காட்டினார். கூட்டம் வயிறு வலிக்கச் சிரித்தது. அதற்கப்புறம் சாகும்வரை அவர் வீட்டு வாசலில் சாயங்காலமானால் இருமல் கேட்கும். பெரியப்பா போர்வையைக் காதோடு இழுத்து மூடிக்கொண்டு படுத்திருப்பார்.

"அது மனுஷனுக்குடி. இது பறவை" என்றான் மிஸ்ரி.

"பறவைக்கு ஆசை இல்லையாக்கும். இந்த வருஷ ஆட்டத்த ஆடாமலே செத்தவன். ஊதுங்க, ஊதுங்க. நல்லா ஊதுங்க." சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அவளுடைய வாயும் அவளுடைய மிளகாய்ச் சட்னியும் ஒன்று. காரம் ரெண்டு நாளைக்கு நிற்கும்.

அந்த வாரம்தான் இன்னொருத்தி வந்தாள்.

மிஸ்ரி பள்ளத்தில் ஊதிக்கொண்டிருந்தான். தெற்கே முள்காட்டிலிருந்து ஏதோ அசைந்தது. முதலில் மானென்று நினைத்தான். கழுத்து நீண்டது. மெல்ல, ஒரு காலைத் தூக்கி யோசித்து, அப்புறம் அடுத்த காலை வைத்து நடந்து வந்தாள். பெட்டைக் கானமயில். ராவ்சாவைவிடச் சிறியவள், கழுத்து சாம்பல். மேட்டின் உச்சியில், ராவ்சா நின்று ஆடின அதே இடத்தில் வந்து நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். தலையைச் சாய்த்தாள். குரல் இருக்கிறது, ஆளைக் காணோம்.

மிஸ்ரிக்குக் கலயம் கையில் கனத்தது. கூசிப்போனான். ஒரு வீட்டுப் பெண்ணைப் பொய் சொல்லித் தெருவுக்கு வரவழைத்ததுபோல் இருந்தது அவனுக்கு.

கோபுரத்தில் திருவிழா. காமெராக்கள் படபடவென்று அடித்தன. "அதோ ராவ்சா!" என்றார் பூர் சிங் வெட்கமே இல்லாமல். ஆணா பெண்ணா என்று யாருக்குத் தெரியும்? நகரத்துக்காரர்களுக்குக் கழுத்து நீளமாக இருந்தால் போதும். அன்றிரவு அவர் மிஸ்ரியின் தோளைத் தட்டி, "டேய், நீ ஊதல, வலை வீசியிருக்கே" என்றார். ஆட்கள் இன்னும் வந்தார்கள். ஜீப் ஓட்டிகள் அவளுக்கு ராணிசா என்று பெயர் வைத்தார்கள். ராணிசா ஒவ்வொரு சாயங்காலமும் வந்தாள். நின்றாள். காத்திருந்தாள். இருட்டினதும் திரும்பிப் போனாள்.

வனக்காவலன் பேமாராம் அடிக்கடி மோட்டார் சைக்கிளில் அந்த வழியாக வருவான். மரம், மிருகத்தைக் காப்பதே தர்மம் என்கிற பிஷ்னோய் ஆள். ஒரு முள்செடியை யாராவது ஒடித்தாலே நாலு தலைமுறையை இழுத்துத் திட்டுவான். மிஸ்ரியும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒன்றாக அடி வாங்கியவர்கள். மிஸ்ரியைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன மௌல்வி சாப், தொழுகை நல்லபடியா ஆச்சா? எங்களுக்கும் கொஞ்சம் துவா கேளு" என்று கிண்டல் செய்வான். மிஸ்ரி பல்லைக் காட்டிவிட்டு ஜீப்பை எடுப்பான்.

மழை நின்று புல் பழுக்கத் தொடங்கியபோது பேமாராம் ஒருநாள் ஜீப்பை மறித்தான். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை.

"மேட்டுக்கு இந்தப் பக்கம் இனிமே யாரும் வரக் கூடாது. நீயும்தான். கோபுரத்துலேந்து பார்த்துக்கங்க."

"ஏன், என்னாச்சு?"

"ராணிசா முட்டை வச்சிருக்கா."

மிஸ்ரியின் கை ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டது. பூர் சிங் பின்னால் இருந்து, "ராவ்சாவுக்கு வாரிசு! ஜெய் மாதா!" என்று கூவினார். வந்திருந்தவர்களுக்கு லட்டு கொடுத்தார். மனுஷனுக்குப் பொய் சொல்லிச் சொல்லி, தன் கையால் மூடின குழியே மறந்துபோய்விட்டது போலிருக்கிறது.

மிஸ்ரிக்கு மறக்கவில்லை. கோழி சேவல் இல்லாமலும் முட்டை வைக்கும், அவனுக்குத் தெரியும். வெறும் முட்டை. அடைகாத்தால் அழுகும். இவளுக்கு வருஷத்துக்கு ஒரு முட்டைதான். அந்த ஒன்றையும் ஒரு மண்கலயத்தை நம்பி வைத்திருக்கிறாள். கோபுரத்திலிருந்து பைனாகுலரில் பார்த்தால் தெரிந்தாள். பழுப்புப் புல்லுக்குள் பழுப்பாக, வெயிலுக்கு இறக்கையை லேசாகத் தூக்கி நிழல் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காக்கை வந்தால் எழுந்து விரட்டினாள். திரும்ப வந்து அலகால் முட்டையைப் புரட்டிவிட்டு உட்கார்ந்தாள். மிஸ்ரிக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

கலயத்தைக் கொண்டுபோய் ஹுர்மத்திடம் கொடுத்தான். "எதுக்காவது வச்சுக்க. நான் இனிமே ஊதப்போறதில்ல." அவள் வாங்கிக்கொண்டாள். கழுவிக் காயவைத்து, அதில் காய்ந்த மிளகாயைக் கொட்டி மூடி வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் மிஸ்ரி கோபுரத்துக்குப் போகவில்லை. டயர் பஞ்சர் என்று சொல்லிவிட்டான். பூர் சிங்கே ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது அவர் முகமெல்லாம் பல்.

"நீ நல்லவன்டா மிஸ்ரி. பஞ்சர்னு சொல்லிட்டுப் பின்னாடியே போயி ஊதியிருக்கே பாரு. என்ன குரல்டா இன்னிக்கு! ஒரு அம்மா அழுதே போயிட்டாங்க."

மிஸ்ரி மிளகாய்க் கலயம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தான். மூடி மூடினபடி இருந்தது.

அடுத்த நாளும் அதே பேச்சு. அதற்கடுத்த நாளும். மிஸ்ரி யோசித்துப் பார்த்தான். அந்த மேட்டுப் பக்கம் இப்போது போக அனுமதி உள்ள ஆள் ஒருவன்தான். அந்தக் கிண்டலெல்லாம் அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மௌல்வி சாப், தொழுகை ஆச்சா. பேமாராமுக்கு முதலிலிருந்தே தெரியும். இப்போது அவனே ஒரு கலயம் எடுத்துக்கொண்டான். எதற்கு என்பதுதான் புரியவில்லை. மிஸ்ரிக்குக் கோபம் வந்தது. தான் செய்ததை இன்னொருவன் செய்யும்போதுதான் அது எவ்வளவு அசிங்கம் என்று தெரிகிறது.

கூடாரத்தில் விருந்தாளி இல்லாத ஒரு நாள், மிளகாய்க் கலயத்தை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தே போனான். முட்டைக்குக் கொஞ்ச தூரத்தில், மேட்டுக்கு மேற்கே ஒரு வன்னி மரத்தடியில் பேமாராம் உட்கார்ந்திருந்தான். நாய், நரி, காக்கை எது வந்தாலும் விரட்டப் பக்கத்தில் ஒரு கவண். தோல் உரிந்துபோன மூக்கு. நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறான் என்று தெரிந்தது.

"ஏ, உன்ன யாரு வரச் சொன்னா?" என்றான் தணிந்த குரலில். "குனி. அவ பார்க்கறா."

மிஸ்ரி குனிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "பேமா, நான் விட்டுட்டேன். நீயும் விட்டுடு."

"எத?"

"ஊதறத."

பேமாராம் அவனை மேலும் கீழும் பார்த்தான். "கஞ்சா கிஞ்சா அடிச்சியா? ஊதறது நீ."

"நானா? முட்டைன்னு நீ சொன்ன நாள்லேந்து நான் இதத் தொடல. இந்தா பாரு." கலயத்தைக் கவிழ்த்தான். மிளகாய் மணலில் உதிர்ந்தது. காரத்தில் ரெண்டு பேருக்கும் தும்மல் வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு தும்மினார்கள்.

பேமாராம் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பு போய்விட்டது.

"மிஸ்ரி, விளையாடாத. அந்தக் குழிய நான் ஹோலி முடிஞ்ச உடனேயே பார்த்துட்டேன். நாய் தோண்டி இறகு வெளிய வந்திருந்தது. திரும்ப மூடினது நான்தான். உங்க ரெண்டு பேரையும் உள்ள தள்ளியிருக்கணும். தள்ளத்தான் இருந்தேன். அப்புறம் பார்த்தா, நீ ஊதறதுக்கு இவ வந்து நிக்கறா. இங்க ஒரு குரல் இருக்கற வரைக்கும் இவ வேற எடம் தேடிப் பறக்க மாட்டா, கம்பில அடிபட மாட்டான்னு நெனச்சேன். அதான் வாயை மூடிட்டு இருந்தேன்."

"முட்டை?"

"வெறும் முட்டைன்னு எனக்குத் தெரியாதா? மேல சொல்லல. சொன்னா எடுத்துட்டுப் போயி வெளிச்சத்துல வச்சுப் பார்ப்பாங்க. இவ முட்டை மேல உக்காந்திருந்தா தரையில இருக்கா. தரையில இருந்தா உசிரோட இருக்கா. எனக்கு அது போதும்."

சூரியன் காற்றாலைகளுக்குப் பின்னால் சரிந்துகொண்டிருந்தது. பேமாராம் மெதுவாகச் சொன்னான்: "மொதல்ல நீ ஊதினப்ப எரும முனகற மாதிரி இருந்தது. ராவ்சா கூப்பிடறப்ப கடைசியில ஒரு விக்கல் இருக்கும் இல்ல? உனக்கு அது வரவே வராது. இப்பக் கொஞ்ச நாளா அந்த விக்கலும் வருது. சரி, பய தேறிட்டான்னு நெனச்சேன்."

மிஸ்ரி மடியில் இருந்த கலயத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டான். பேமாராமின் கைகள் காலியாக இருந்தன.

ஹூம்.

வடக்கிலிருந்து வந்தது. மேட்டிலிருந்து இல்லை. கம்பிக்குக் கீழே, முள் போட்டு மூடின இடத்திலிருந்து. அது தரை வழியாக வந்து அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏறியது. முடிகிற இடத்தில் ஒரு சின்ன விக்கல்.

பேமாராம் கழுத்தை நீட்டிப் பார்த்தான். அந்தப் பக்கம் மனுஷன் நிற்க ஒரு செடி மறைவு கூடக் கிடையாது. வெட்டவெளி. கம்பித் தூண்களும் அவற்றின் நிழல்களும்தான்.

ஹூம்.

ராணிசா எழுந்துவிட்டாள். முட்டையைத் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்தை உயரமாக நீட்டி வடக்கே பார்த்தாள். இத்தனை நாள் மேட்டில் வந்து நின்று தேடித் தேடிக் கிடைக்காத ஆள், இப்போது சரியாக எங்கே இருக்கிறான் என்று தெரிந்துகொண்டவள் போல நடந்தாள். நடை ஓட்டமாயிற்று. கனத்த உடம்பு, ஓடித்தான் எழும்ப வேண்டும்.

"ஐயோ, கம்பி!" என்றான் பேமாராம். கவணைத் தூக்கினான், யாரை அடிப்பது என்று தெரியாமல் கீழே போட்டான். "ஏ! ஏய்! ஓய்!" என்று கத்திக்கொண்டு ஓடினான். அவள் அதற்குள் இறக்கையை விரித்துவிட்டாள். தாழப் பறந்தாள், கம்பியின் உயரத்துக்கு. அவளுக்குக் கம்பி தெரியாது. அவளுக்குக் குரல் மட்டும்தான் தெரிந்தது.

மிஸ்ரி கலயத்தை வாயில் வைத்தான்.

மிளகாய்த் தூள் உதட்டிலும் மூக்கிலும் ஏறியது. கண்ணில் தண்ணீர் கொட்டியது. ஒரு தடவை காற்று நழுவி வெறும் சீறல்தான் வந்தது. யா அல்லாஹ் என்று நெஞ்சுக்குள் கத்திக்கொண்டு மறுபடி ஊதினான். ஹூம். மேட்டின் உச்சிக்கு ஓடி, ராவ்சா நின்று ஆடின அதே இடத்தில் நின்று, அவள் பக்கம் திரும்பி ஊதினான். இனி ஒருபோதும் தொடமாட்டேன் என்று வைத்துவிட்டுப் போன பொய்யை, உயிரைக் கொடுத்து ஊதினான். வடக்கே ஒரு ஹூம். இங்கே ஒரு ஹூம். அங்கே விக்கலோடு முடிந்தது. இங்கேயும் அழுகையில் ஒரு விக்கல் தானாக வந்து விழுந்தது.

வானத்தில் அவள் ஒரு பக்கம் சாய்ந்தாள். கம்பிக்கு இந்தப் பக்கம், இறக்கை நுனி தூணின் நிழலைத் தொடுகிற தூரத்தில், பெரிய வட்டமாகத் திரும்பினாள். வந்து, மிஸ்ரி நின்ற இடத்துக்குக் கொஞ்ச தூரத்தில் தடதடவென்று இறங்கினாள். மேட்டின் மேல் நிற்கிற மனுஷனைப் பார்த்தாள். பயந்து ஒதுங்கி, புல்லுக்குள் போய், முட்டை மேல் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகும் கழுத்து மட்டும் வெளியே நீண்டிருந்தது.

நன்றாக இருட்டும்வரை மிஸ்ரி ஊதினான். காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள் வரிசையாக எல்லாம் ஒரே நேரத்தில் எரிந்து அணைந்துகொண்டிருந்தன. அப்புறம் வடக்கே சத்தம் நின்றது. மிஸ்ரியின் உதடு வீங்கிப்போயிருந்தது. பேமாராம் அவனைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனான்.

அதற்கப்புறம் செய்யாதது இல்லை. மறுநாள் காலையிலேயே அந்தக் குழியின் மேல் முள்ளை விலக்கிவிட்டு நல்ல மஞ்சள் கல்லாகப் பார்த்து நட்டார்கள். பேமாராமும் மிஸ்ரியும் அவரவர் முறைப்படி ஏதேதோ முணுமுணுத்தார்கள். பால் ஊற்றினார்கள். பாதியில் நிறுத்தின ஃபாத்திஹாவை மிஸ்ரி முழுதாக ஓதினான். "இங்கேயே உக்காருங்க ராவ்சா, இனிமே எங்கயும் போக வேண்டாம்" என்று கெஞ்சினான். சாயங்காலம் ஹூம் என்றது. கல்லுக்கு அடியிலிருந்துதான்.

ஹுர்மத்திடம் வந்து சொன்னபோது அவள் ஒன்றும் திட்டவில்லை. அதுதான் அவனை அதிகம் பயமுறுத்தியது. அவன் உதட்டில் வெண்ணெய் தடவிக்கொண்டே சொன்னாள்: "கூப்பிட்டது நீங்க. எத்தன நாளு கூப்பிட்டீங்க. அவன் வந்துட்டான். இப்ப போடான்னா போவானா?"

முட்டை ஒருநாள் வெடித்து நாறியது. ராணிசா அதை விட்டு எழுந்தாள், ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. பூர் சிங்குக்கு அந்த வருஷம் நல்ல கூட்டம். கோபுரத்தின் மேல் நின்று, "ரெண்டு ராவ்சா இருக்காங்க இப்ப, கேளுங்க, ஒருத்தருக்கொருத்தர் சவால் விடறாங்க" என்று விளக்கம் சொல்கிறார். எங்கள் டிரைவர் ஒரு வேளை தொழுகையும் விடமாட்டான், ரொம்பப் பக்திமான் என்கிறார். அது இப்போது முழுப் பொய்யும் இல்லை. மிஸ்ரி துணியை விரிக்கிறான், சுருக்கமாகத் தொழுகிறான், அப்புறம் கலயத்தை எடுக்கிறான். காய்ச்சல் வந்த அன்றும் போர்வையைப் போர்த்திக்கொண்டு போனான். தங்கச்சி கல்யாணத்துக்குப் பாட்மேருக்குப் போகவில்லை. தங்கச்சி இன்றைக்கு வரை பேசுவதில்லை. தான் செத்த பிறகு யார் ஊதுவது என்று ஒருநாள் பேமாராமிடம் கேட்டான். பேமாராம் கலயத்தை வாங்கி ஊதிப் பார்த்தான். அவனுக்கு வரவில்லை.

ஒவ்வொரு சாயங்காலமும் அவள் மேட்டில் வந்து நிற்கிறாள். ரெண்டு குரலும் எழுகின்றன. முதலில் அவள் கழுத்து வடக்கேதான் திரும்புகிறது. கொஞ்ச நேரம் அப்படியே நிற்கிறாள். அந்தக் கொஞ்ச நேரம் முழுக்க, மிஸ்ரி கண்ணை அவள் மேலேயே வைத்துக்கொண்டு ஊதிக்கொண்டிருக்கிறான்.